முடிவைச் சொல்லாத வடிவம்மாள்

திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டை வரைக்கும் எந்தப் புத்தகம் வெளியானாலும் சரி, மேடையில் ஒரு நாற்காலி வடிவம்மாளுக்கென்று கிடக்கும். கவிதையா, நாவலா, கோயில் வரலாறா, சர்க்கரை நோய்க்காரர்களுக்குச் சமையல் குறிப்பா, அதெல்லாம் கணக்கில்லை. கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். வெண்கலக் குரல். அவள் எழுந்து மைக்கைப் பிடித்துவிட்டால், டீ குடிக்கலாம் என்று பின்வரிசையில் எழுந்தவன்கூட அப்படியே உட்கார்ந்துவிடுவான்.

ஒரே ஒரு விஷயம்தான். அவள் அந்தப் புத்தகங்களைப் படிப்பதில்லை.

முன்னுரை, பின்னட்டை, முதல் பக்கம். விழாவுக்குப் போகிற ஆட்டோவிலேயே இந்த மூன்றும் முடிந்துவிடும். மீதிக்கு அவளுடைய குரல் இருக்கிறது, நாற்பது வருஷம் வகுப்பெடுத்த பழக்கம் இருக்கிறது. பேச்சு முடிகிற இடத்தில் எப்போதும் ஒரு வரி வைத்திருப்பாள். "இந்தப் புஸ்தகத்தோட முடிவை மட்டும் நான் சொல்ல மாட்டேன். நீங்களே வாங்கிப் படிச்சுத் தெரிஞ்சுக்கோங்க!" கைதட்டல் அள்ளும். சமையல் குறிப்புப் புத்தகத்துக்கும் அதே வரியைத்தான் சொன்னாள். அதற்கும் கைதட்டினார்கள்.

இதைப் பொய் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. கல்யாண வீட்டில் இலையில் உட்காருவதற்கு முன்னாலேயே சாப்பாடு பிரமாதம் என்று சொல்வதில்லையா, அந்த மாதிரிதான். எழுதினவன் முகம் மலர்கிறது, வந்தவர்கள் நாலு புத்தகம் வாங்குகிறார்கள், யாருக்கு என்ன நஷ்டம்?

அப்படி இருக்கும்போதுதான் பச்சை மைக் வந்தது.

அது வந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. வடக்கே ஏதோ ஓர் ஊரில் நாவல் வெளியீடு. பெரிய பேச்சாளர் ஒருவர், கதாநாயகனின் சாவை நினைத்து மேடையிலேயே தேம்பித் தேம்பி அழுதார். சபையும் சேர்ந்து அழுதது. ஏற்புரைக்கு எழுந்த எழுத்தாளர் ரொம்பச் சங்கடத்தோடு, "ஐயா, அவன் சாகல. கடைசி அத்தியாயத்துல அவனுக்குக் கல்யாணம்" என்றார். அந்தக் காணொளியைப் பார்க்காத தமிழரே இல்லை என்று ஆகிவிட்டது. வாசகர் வட்டங்கள் கொதித்தன. இரண்டே வருஷத்தில் சில பொறியாளர்கள் சேர்ந்து கருவியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அரங்கத்துக்காரர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள்.

பாளையங்கோட்டை அரங்கத்துக்கு அது வந்து சேர்ந்தது உலகம்மாளின் ஏழாவது நாவல் வெளியீட்டு விழாவன்று.

உலகம்மாள் யார் என்று சொல்லிவிட வேண்டும். வடிவுக்குக் கல்லூரி விடுதியிலிருந்தே சிநேகிதி. மின்வாரியத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினாள். கணவர் போன பிறகு வண்ணார்பேட்டையில் தனியாக இருக்கிறாள், மகன் பெங்களூரில். வடிவு கல்யாணமே செய்துகொள்ளவில்லை. சாந்தி நகரில் அப்பா கட்டின வீட்டில் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகளுக்கு என்று இரண்டு பாதியாகக் கட்டின வீடு, நடுவில் ஒரு கதவு. தம்பி கனடாவுக்கே போய்விட்டதால் அந்தப் பாதி வருஷக்கணக்கில் பூட்டிக் கிடக்கிறது. உலகுவின் ஆறு நாவல்களுக்கும் சிறப்புரை வடிவுதான். ஏழாவதற்கும் அவளேதான்.

வழக்கம்போல் ஆட்டோவில் முன்னுரை, பின்னட்டை, முதல் பக்கம் முடித்து, பட்டுச்சேலை சரசரக்க மேடையேறி உட்கார்ந்தாள். அப்போதுதான் அரங்கத்து மேலாளர் இன்னாசிமுத்து முன்னால் வந்து, புதுப்பெண்ணை அறிமுகம் செய்வதுபோல அந்த மைக்கை அறிமுகம் செய்தார்.

"இதுக்குள்ள இன்னைக்கு வெளியிடுத புஸ்தகத்தை ஏத்தியாச்சு. மைக்கைப் பிடிச்சீயன்னா, முன்னால இருக்க திரையில அந்தப் புஸ்தகத்துலருந்து அங்கொண்ணும் இங்கொண்ணுமா நாலு வரி ஓடும். படிச்ச வரின்னா நமக்கே மறந்து போயிருந்தாலும் உள்ளங்கைக்குத் தெரியுமாம். கைச் சூட்டுல ஒரு சின்ன மாத்தம் இருக்குமாம். அதைக் கைப்பிடி கண்டுபிடிச்சிரும். படிச்சிருந்தா பச்சை. படிக்கலன்னா சிவப்பு."

"ஏவே இன்னாசி, சிவப்பு எரிஞ்சா ஷாக் அடிக்குமா?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார்.

"ஷாக்கெல்லாம் அடிக்காது. சத்தம் வராது. அவ்வளவுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். வடிவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வாசல் எவ்வளவு தூரம் என்று பார்த்தாள். அவளுக்கு முன்னால் பேச வேண்டியவர் பதிப்பாளர் மட்டும்தான். காய்ச்சல் என்று சொல்லி எழுந்து போய்விடலாமா? வயிற்றுவலி என்றால்? யோசிப்பதற்குள் பதிப்பாளர் மைக்கைப் பிடித்துவிட்டார். சிவப்பு எரிந்தது. "நான் அச்சடிக்கிறவன்தான், படிக்கிறவன் இல்ல!" என்று மைக் இல்லாமலே கத்தினார். அரங்கம் அதிரச் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

அடுத்தது வடிவு.

அவள் மைக்கைப் பிடித்தாள். திரையில் நான்கு வரிகள் ஓடின. நல்ல வரிகள். யார் யாரோ, எந்த ஊரோ. ஒன்றும் தெரியவில்லை. விளக்கு கொஞ்சம் தயங்கினது போலிருந்தது. பிறகு சிவப்பாக எரிந்தது.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மோசம். உலகு எழுந்து வந்து மெதுவாக மைக்கை வாங்கிக்கொண்டாள். பச்சை எரிந்தது. "வடிவுக்கு இந்தத் தடவை நேரமில்ல போலருக்கு. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுதானே, பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு, தானே ரெண்டு வார்த்தை பேசி விழாவை முடித்துவிட்டாள்.

வெளியே வேப்பமரத்தடியில்தான் கேட்டாள்.

"ஏட்டி, இந்தப் புஸ்தகம் மட்டுந்தானா?"

வடிவு சேலைத் தலைப்பை விரலில் சுருட்டினாள்.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"ஆறாவதுமா? 'இரட்டைத் தாழ்ப்பாளை'யுமா படிக்கல?"

"அதையுந்தான். என்னை வைய்யணும்னா வஞ்சிரு உலகு. இப்படிப் பாக்காத."

உலகு வையவில்லை. அழப்போகிறாளா, சிரிக்கப்போகிறாளா என்று வடிவுக்குப் பிடிபடவில்லை.

"நான் இன்னும் ரெண்டு மாசத்துல பெங்களூரு போறேன். மகன்கூட இருக்கப்போறேன். வீட்டை வாடகைக்குப் பேசியாச்சு."

"என்னட்டி இது? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"ஒங்கிட்ட ஒண்ணு கேட்டேன். நீ பதில் சொல்லிட்டேன்னு நெனச்சேன்" என்றாள் உலகு. "சரி, விடு." ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

என்ன கேட்டாள், எப்போது கேட்டாள்? வடிவு எத்தனை யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

அதற்கப்புறம் ஊரே மாறிப்போனது. பாதி விழாக்கள் தள்ளிப்போயின. பேச ஒத்துக்கொண்டவர்கள் "இன்னும் ஒரு வாரம் குடுங்க, பாதி தாண்டியாச்சு" என்று கெஞ்சினார்கள். ஒல்லிப் புத்தகங்களுக்கு மவுசு வந்தது. தலையணை நாவல் எழுதினவர்கள் தலையில் கை வைத்தார்கள். சுருக்கத்தைப் படித்துவிட்டு வந்தவர்களுக்குச் சிவப்புதான். தூங்கும்போது காதில் புத்தகத்தை ஓதிப் பச்சை வாங்கித் தருகிறோம் என்று தெருவுக்குத் தெரு கடை போட்டார்கள், தூங்கினவர்களுக்கும் சிவப்புதான். இன்னொரு பக்கம், டவுன் பஸ்ஸில் நாலு பேர் கையில் புத்தகம் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வடிவுக்கு அழைப்பிதழ் வருவது நின்றது. மார்க்கெட்டில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தால், பழைய மாணவன் ஒருவன், "மேடம், பச்சைத் தக்காளியா, சிவப்பா?" என்று கேட்டுவிட்டுப் போகிறான். அவளிடமே நக்கலைக் கற்றவன்.

இன்னாசிமுத்து மட்டும் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"நேத்து ஒரு பையன் வந்தான்மா. முத கவிதைத் தொகுப்பு. பேசுததுக்கு ஆளில்ல. தெரிஞ்சவங்க யாரும் படிக்கல. தனியா நின்னு அவனே பேசிட்டு, அவனே நன்றி சொல்லிட்டுப் போறான். முன்னன்னா நீங்க வந்திருப்பீய. ஒரு பொன்னாடையாவது விழுந்திருக்கும். இந்த மைக்கு நல்லதா கெட்டதான்னே எனக்குப் பிடிபடல."

"நான் பேசினது பொய்தானே இன்னாசி."

"பொய்தான்மா. ஆனா நீங்க வந்து உக்காந்தது நெசம்லா?"

அவர் போன பிறகு வடிவு அலமாரியைத் திறந்தாள். உலகுவின் புத்தகங்கள் வரிசையாக இருந்தன. ஏழிலும் "அன்பு வடிவுக்கு" என்று கையெழுத்து. முதல் பக்கம் மட்டும் கைபட்டுக் கசங்கி, மற்றதெல்லாம் கடையில் இருந்ததுபோல் அப்படியே இருந்தன.

முதல் நாவலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்சம் போனதும் கண் தானாகக் கைப்பேசிக்குப் போனது. அடுப்பில் பால் வைத்தோமா என்று எழுந்தாள், வைக்கவில்லை. வந்து உட்கார்ந்தாள். நாற்பது வருஷம் மற்றவர்களைப் படிக்கச் சொன்னவளுக்கு ஓர் அத்தியாயம் தாண்டுவது மலையேறுவதாக இருந்தது. கைப்பேசியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். இரண்டாவது நாவலில் ஓர் இடத்தில் தன்னை மறந்து சிரித்தாள். நான்காவதில் குழம்பு தீய்ந்தது. "அடிப்பாவி, இவ்வளவு நல்லா எழுதுவியா நீ!" என்று வெற்றுச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். அதுவும் சந்தோஷமாக வரவில்லை. இத்தனை வருஷம் மேடையேறி 'அற்புதம், அற்புதம்' என்று சொல்லியிருக்கிறாள். அது உண்மைதான் என்று இப்போதுதான் தெரிகிறது.

பிறகு ஆறாவது, 'இரட்டைத் தாழ்ப்பாள்'. மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்தது.

அதில் இரண்டு பெண்கள். ஒருத்தி ஓயாமல் பேசுகிறவள், காப்பிக்கு மூன்று கரண்டி சீனி போடுகிறவள், மழை இல்லாத நாளிலும் குடையோடு அலைகிறவள். வடிவு திரும்பிப் பார்த்தாள். கொக்கியில் குடை தொங்கிக்கொண்டிருந்தது. பக்கங்கள் ஓடின. கடைசிப் பக்கத்தில் இருவரும் பஸ்ஸுக்காக நிற்கிறார்கள். மற்றவள், அதிகம் பேசாதவள், கேட்கிறாள்.

"உன் வீட்டில் நடுக்கதவு சும்மாதானே கிடக்கிறது?" என்றாள். "நான் அந்தப் பக்கம் வந்து இருந்துகொள்கிறேன். தாழ்ப்பாள் ரெண்டு பக்கமும் இருக்கட்டும். பேசப் பிடிக்காத அன்றைக்கு நீ உன் பக்கம் போட்டுக்கொள், நான் என் பக்கம் போட்டுக்கொள்கிறேன். ரெண்டும் திறந்திருக்கிற அன்றைக்குச் சேர்ந்து காப்பி குடிப்போம்."

பஸ் வந்துவிட்டது. என்ன பதில் வருகிறது என்று கேட்பதற்காக இவள் ஏறாமல் நின்றாள்.

நாவல் அதோடு முடிந்துபோனது.

வடிவு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய முதுகுக்குப் பின்னால்தான் அந்த நடுக்கதவு. அந்த நாவலின் வெளியீட்டு விழா ஞாபகம் வந்தது. மேடையில் அத்தனை பேருக்கு முன்னால், நேராக உலகுவைப் பார்த்து, கண்ணைச் சிமிட்டி, "முடிவை மட்டும் நான் சொல்ல மாட்டேன்!" என்று சொன்னாள். ஊரே கைதட்டியது. உலகு மட்டும் தட்டவில்லை. தலைவலி என்று டிபன்கூடச் சாப்பிடாமல் போய்விட்டாள்.

நேரில் கேட்கக் கூச்சப்பட்டு ஒரு நாவலே எழுதிக் கேட்டிருக்கிறாள் பாவி மகள். மேடையில் கிடைத்ததைப் பதில் என்று எடுத்துக்கொண்டு, அதன் பிறகு மூன்று வருஷம் ஒன்றுமே நடக்காததுபோலப் பழகியிருக்கிறாள்.

பக்கத்து வீட்டுக்கு ஓடிக் கைப்பேசியை வாங்கி அழைத்தாள். உலகு எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தாள். எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து வண்ணார்பேட்டைக்குப் போகலாம். ஆனால் போய் என்ன சொல்வது? 'படித்துவிட்டேன்' என்றால் நம்புவாளா? படிக்காமலே ஆறு தடவை அற்புதம் என்று சொன்ன வாய் இது.

நேராக இன்னாசிமுத்துவிடம் போனாள்.

"ஞாயித்துக்கெழம அரங்கம் வேணும். 'இரட்டைத் தாழ்ப்பாள்' வெளியீட்டு விழா."

"அம்மா, அது வந்து மூணு வருஷமாச்சேம்மா. வெளியான புஸ்தகத்துக்கு மறுபடி வெளியீடா?"

"மொதத் தடவ நான் படிக்கல. அதனால அது செல்லாது."

இன்னாசி அவள் முகத்தைப் பார்த்தார். "உலகம்மா வரணுமே? போறதுக்கு மூட்டை கட்டிட்டு இருக்காவ. திங்கக்கெழம லாரி வருதாம்."

"வழியனுப்பு விழான்னு சொல்லிக் கூட்டிட்டு வாரும். நான் பேசுவேன்னு மட்டும் சொல்லிராதேயும்."

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நிரம்பிவிட்டது. வடிவம்மாள் மறுபடி மைக்கைப் பிடிக்கிறாள் என்று எப்படியோ கசிந்துவிட்டது. சிவப்பு எரிவதைப் பார்க்கவே பாதிப் பேர் வந்திருந்தார்கள். தக்காளி மாணவனும் முன்வரிசையில் கைப்பேசியோடு தயாராக இருந்தான். உலகு உள்ளே வந்து, மேடையில் வடிவைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். இன்னாசிதான் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டி வந்து உட்கார வைத்தார்.

வடிவு மைக்கைப் பிடித்தாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது; இந்த ஈரத்தைப் பார்த்துக் கருவி குழம்பிவிடுமோ என்று ஒரு பயம். திரையில் வரிகள் ஓடின. முதல் வரி அந்தக் குடை. இரண்டாவது, மூன்று கரண்டி சீனி. மூன்றாவது வரி வருவதற்குள் பச்சை எரிந்துவிட்டது.

கைதட்டல் எழுந்தது. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இத்தனை வருஷமா நான் முடிவைச் சொல்ல மாட்டேன், சொல்ல மாட்டேன்னு சொல்லியிருக்கேன். எனக்கு முடிவு தெரியாது, அதான் சொல்லல. இன்னைக்கு முடிவை மட்டுந்தான் சொல்லப்போறேன்."

கடைசிப் பக்கத்தை வாசித்தாள். அலங்காரம் இல்லாமல், மேடைக் குரல் இல்லாமல், தன் பாட்டுக்கு வாசித்தாள். பஸ் வந்தது, இவள் ஏறாமல் நின்றாள் என்கிற இடம் வந்ததும் புத்தகத்தை மூடினாள்.

"கேட்டவளுக்குப் பதில் சொல்லுதேன். சரி. வந்துரு. தம்பிகிட்டயும் கேட்டாச்சு. சும்மா பூட்டிக் கெடக்கதுக்கு உலகக்கா இருக்கட்டும்னுட்டான். ஆனா ஒரு விஷயம், சமையக்கட்டு தனித்தனி. நீ சாம்பாருக்கு வெல்லம் போடுவே, எனக்கு ஆகாது."

உலகு இருந்த இடத்திலிருந்தே கத்தினாள்.

"எடுபட்டவளே! இப்பத்தான் படிச்சியாக்கும்? மூணு வருஷம்டி! மூணு வருஷமா ஒம் மூஞ்சியப் பாத்துட்டு ஒண்ணுமே நடக்காதது மாதிரி காப்பி குடிச்சிருக்கேன்!"

"நேருல கேட்டா என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நீ பேச எடம் விட்டாத்தானே கேக்க!"

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. "அம்மா, மேடைக்கு வந்து மைக்குல பேசுங்கம்மா, பின்னால கேக்கலயாம்" என்றார் இன்னாசி. உலகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடையேறி வந்தாள். கையை நீட்டினாள். வடிவு மைக்கைக் கொடுக்கவில்லை.

"இரு. ஒன் புஸ்தகத்துக்கு ஒனக்குப் பச்சைதான் எரியும், அதுல என்ன இருக்கு?" பைக்குள் கைவிட்டு ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து இன்னாசியிடம் நீட்டினாள். "இதை ஏத்தும்."

அட்டை நிறம் போயிருந்தது. 'நிலவுக்குத் தபால்தலை'. வடிவு இருபத்திரண்டு வயதில் எழுதிய கவிதைத் தொகுப்பு. வாழ்க்கையில் அவள் போட்ட ஒரே புத்தகம். வெளியீட்டு விழாவுக்குத் தலைமை உலகம்மாள்.

உலகுவின் முகம் மாறியது. "ஏட்டி, இதெல்லாம் இப்ப எதுக்கு? கூட்டம் காத்துட்டு இருக்கு."

"பிடிளா மைக்கை."

பிடித்தாள். திரையில் நான்கு வரிகள் ஓடின. நிலா வந்தது, மௌனம் வந்தது, மறுபடியும் நிலா வந்தது. விளக்கு தயங்கவே இல்லை. பளீரென்று சிவப்பு.

தக்காளி மாணவன் நாற்காலியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தான். வடிவு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அடி சண்டாளி! மொத்தமே முப்பத்திரண்டு பக்கம்டி! 'கவிதைய விளக்கக் கூடாது, உணரத்தான் வேணும்'னு அன்னைக்கு அரை மணி நேரம் பேசினியே!"

மைக் ஊமையாக இருந்ததால் உலகு முணுமுணுத்த பதில் மேடைக்கு மட்டும்தான் கேட்டது. "நிலான்னாலே எனக்குக் கொட்டாவி வரும்னு ஒனக்குத் தெரியாதா? ஒன் மனசு நோகக் கூடாதேன்னுதான்…" என்று இழுத்தவள், புத்தகத்தை இன்னாசியிடமிருந்து வாங்கித் தன் பைக்குள் வைத்தாள். "குடு. வீட்டுல வச்சுப் படிக்கேன்."

"எந்த வீட்டுல?"

உலகு கைப்பேசியை எடுத்து மேடையில் நின்றபடியே மகனை அழைத்தாள். மைக்தான் வேலை செய்யவில்லை, அவள் குரல் நன்றாகத்தான் வேலை செய்தது. பின்வரிசை வரைக்கும் கேட்டது.

"எய்யா, லாரிக்காரன்கிட்டச் சொல்லிரு. நாளைக்கு வரட்டும். சாமான்லாம் அதேதான். பெங்களூருக்கு இல்ல, சாந்தி நகருக்கு."